வியாழக்கிழமைச் சட்டை

— அப்படி இல்லைங்க. நாற்காலிய இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் போடுங்க. நேருக்கு நேரா உக்காந்தா போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க.

— நாம இத்தனை வருஷமா அப்படித்தானே உக்காந்திருக்கோம்.

— ஆரம்பிச்சுட்டீங்களா? நாளைக்கு எனக்குப் பரீட்சைங்க. முன்னப்பின்ன தெரியாத ஒரு குடிகாரரக் கொண்டுவந்து எதிர்ல உக்கார வெச்சுட்டு, எங்க மிஸ் மூலையில உக்காந்து பாப்பாங்க. நான் கவுன்சிலரா, மறுபடியும் பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கறவளாங்கறது அந்த அரை மணி நேரத்துல இருக்கு. கொஞ்சம் ஒத்துழைங்க.

— ஒத்துழைக்காமயா வந்ததும் வராததுமா இங்க உக்காந்திருக்கேன்? ஷூவக்கூட கழட்ட விடல நீ.

— ஆமா, பெரிய வேலை விட்டு வந்துட்டாரு. இன்னிக்கு வியாழக்கிழமை.

— சரி தாயே. வேலைய விட்டு, அங்க போயிட்டு, வந்தேன்.

— அங்கன்னா?

— தெரியாத மாதிரி கேக்காத. கவுன்சிலிங்.

— அதச் சொல்லும்போதே குரல் எப்படிக் குழையுது பாருங்க! லிஃப்ட் ரிப்பேருக்குப் போறேன்னு என்னிக்காவது இப்படிச் சொல்லியிருக்கீங்களா?

— நாற்காலிய இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க. ஃபேன் காத்தே வரமாட்டேங்குது.

— போட்டாச்சு. வாயில என்ன? துப்பிட்டு வாங்க.

— புதினா மிட்டாய். தொண்டை வறண்டு கெடக்கு. நீ ஆரம்பி.

— இந்தாங்க அட்டை. இதுதான் நீங்க.

— 'மர வேலை செய்பவர். வயது நாற்பத்தைந்து. தினமும் குடிப்பவர். மனைவியின் வற்புறுத்தலால் வந்திருக்கிறார்.' எனக்கு மர வேலை தெரியாதே.

— உங்கள கட்டில் செய்யவா சொன்னேன்? குடிகாரனா நடிக்கச் சொன்னேன். அதுல அனுபவம் இருக்குல்ல?

— அம்மாடியோவ். கவுன்சிலர் பேசற பேச்சா இது?

— இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிச்சதுக்கப்புறம் அன்பா பேசுவேன். ம்ம்... வணக்கம். வாங்க, உக்காருங்க. இங்க நீங்க சொல்றது எதுவும் இந்த நாலு சுவரத் தாண்டாது.

— மாடி வீட்டுக்காரங்களுக்குக் கேக்கும்.

— ஏங்க!

— சரி, சரி. வணக்கம் மேடம். எனக்கு ஒண்ணும் பிரச்சினையில்ல. வீட்டுக்காரி நச்சரிப்பு தாங்காம வந்தேன்.

— ஏன் குடிக்கறீங்க?

— தப்பு.

— என்ன தப்பு? இப்பத்தானே வாயத் திறந்தேன்.

— ஏன்னு கேக்கக்கூடாது. ஏன்னு கேட்டா அவன் காரணம் தேட ஆரம்பிச்சிடுவான். குடிகாரனுக்குக் காரணமா பஞ்சம்? எப்ப, எங்க, என்ன மாதிரின்னு கேக்கணும்.

— இது என் புத்தகத்துல இருக்கா, இல்ல உங்க கவுன்சிலர் மேடம், அவ சொல்லிக் குடுத்தாளா?

— புத்தகத்துல இருக்கு. போன வாரம் நீதான் சத்தமாப் படிச்ச.

— அவளும் இப்படித்தான் கேப்பாளா? எப்ப, எங்கன்னு?

— அட்டையில அந்தம்மாவப் பத்தி ஒண்ணும் போடலயே.

— சரி, விடுங்க. திரும்ப ஆரம்பிக்கறேன். வீட்டுக்காரங்க சொன்னதால வந்திருக்கீங்க. உங்களுக்கா வரணும்னு தோணல.

— ஆ, இது நல்லா இருக்கு. ஆமா மேடம். தோணல.

— தோணாமலே இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க.

— வந்திருக்கேன். வெளியில வெயிட் பண்ணும்போது ரெண்டு தடவ எழுந்து வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்புறம் திரும்பி வந்து உக்காந்துட்டேன்.

— திரும்பி வந்து உக்காந்தீங்க. ஏன்... இல்ல இல்ல, இருங்க. திரும்பி வரும்போது மனசுல என்ன ஓடுச்சு?

— அடேங்கப்பா.

— பரவாயில்லயா?

— நிஜமாவே நல்லாக் கேட்ட. மனசுல என்ன ஓடுச்சுன்னா... இந்தத் தடவையும் திரும்பிப் போயிட்டா வீட்டுக்காரி மூஞ்சியப் பாக்கணுமேன்னு ஓடுச்சு.

— மூஞ்சியப் பாத்தா என்னவாம்? அவ என்ன பேயா, பிசாசா? பொண்டாட்டின்னா அவ்ளோ இளக்காரமாப் போச்சா?

— கவுன்சிலர் அம்மா, கோவப்படறீங்க.

— பின்ன? அந்த மர வேலைக்காரரு பொண்டாட்டிக்காக யாரு பேசறது?

— அவங்க வந்தா அவங்களுக்காகப் பேசு. இப்ப வந்திருக்கறது நான்.

— எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. எங்க மிஸ்ஸும் நேத்து சொன்னாங்க. 'நீங்க கேக்கற ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாடி, இந்தக் கேள்வி யாருக்காகன்னு மனசுக்குள்ள ஒரு தடவ கேட்டுக்குங்க. அவங்களுக்காகவா, உங்களுக்காகவா?' அப்படின்னாங்க. எல்லார் முன்னாடியும் என்னப் பாத்தே சொன்னாங்க. முகத்த எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

— கெட்டிக்கார மிஸ்.

— எல்லா மிஸ்ஸும் உங்களுக்குக் கெட்டிக்காரங்கதான். வீட்ல இருக்கறவ மட்டும்தான் மக்கு.

— நான் அப்படிச் சொன்னேனா? சரி, பரீட்சையில வாய்க்கேள்வியும் உண்டுன்னியே, அதுல ஒண்ணு கேக்கட்டுமா? குடிய விட்டவன் திரும்ப ஆரம்பிச்சிட்டான்னு வீட்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

— இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. வர்ற நேரம் மாறும். போகவேண்டிய இடத்துக்குப் போகமாட்டாங்க, போனதாச் சொல்லுவாங்க. திடீர்னு ரொம்ப நல்ல பிள்ளையா நடந்துக்குவாங்க. வாடைய மறைக்க எதையாவது மெல்லுவாங்க, பூசுவாங்க. போதுமா?

— போதும். மனப்பாடம் பண்ணிட்ட.

— மனப்பாடமா? பாஸ் பண்ணினதும் பாருங்க. எனக்குன்னு ஒரு ரூம் குடுப்பாங்க. ரெண்டு நாற்காலி, நடுவுல ஒரு சின்ன மேசை, கண்ணத் துடைச்சுக்கப் பேப்பர். ஆளுங்க வருவாங்க, என்கிட்ட மனசத் திறந்து கொட்டுவாங்க. அப்ப உங்களுக்கு எப்படி எரியுதுன்னு பாக்கறேன்.

— அதுக்குத்தான் படிக்கறியா?

— எதுக்கு?

— எனக்கு எரியறதுக்கு.

— சேவை மனப்பான்மைங்க. குடிகாரனோட குடும்பம் நடத்தினவளுக்குத்தான் அதோட வலி தெரியும்.

— அங்கயே அந்தம்மா இருக்கற இடத்துலயே இதே கோர்ஸ் இருக்கு. வீட்லேர்ந்து நடந்தே போகலாம். நீ ரெண்டு பஸ் மாறிப் போய் வேற இடத்துல சேந்த.

— அவ மூஞ்சியில முழிக்கமாட்டேன். அவ இருக்கற தெருப் பக்கமே போகமாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

— என்னிக்கு?

— நீங்க முத தடவ அங்க போயிட்டு வந்தீங்களே, அன்னிக்கு. வந்து இதே நாற்காலியில உக்காந்தீங்க. முகமெல்லாம் தெளிஞ்சு, குளிச்சுட்டு வந்த மாதிரி இருந்தீங்க. 'என்ன பேசினீங்க'ன்னு கேட்டேன். 'அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாதாம்'னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துட்டீங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? உங்கள வாசல்லேர்ந்து தூக்கி உள்ள போட்டவ நான். வாந்திய அள்ளினவ நான். வேலை போகாம இருக்க உங்க சூப்பர்வைசர்கிட்ட காய்ச்சல்னு பொய் சொன்னவ நான். கடைசியில நான் வெளியிலயா?

— இத அன்னிக்கே கேட்டிருக்கலாமே.

— கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க? சொல்லுங்க, இப்பக் கேக்கறேன். அவகிட்ட அப்படி என்னதான் சொல்லுவீங்க?

— இந்தக் கேள்வி யாருக்காக?

— எனக்காகத்தான்! எனக்காகத்தான் கேக்கறேன். போதுமா? பரீட்சை கெடக்கட்டும்.

— கெடக்க வேணாம். அட்டைய எடு. நான் மர வேலைக்காரனாவே சொல்றேன். நீ கவுன்சிலராவே கேளு. குறுக்க பேசாம கேப்பியா?

— கேக்கறேன்.

— மேடம், எனக்குப் பயமா இருக்கு.

— பயமா இருக்கு...

— உயரம்னா பயம். முன்னாடி தெரியல. முன்னாடி ரெண்டு ரவுண்டு போட்டுட்டு ஏறினா, எத்தனாவது மாடின்னே தெரியாது. இப்ப ஒவ்வொரு நாளும் கூண்டு மேல நின்னு கீழ பாக்கறேன். இருட்டா, கிணறு மாதிரி இருக்கு. முழங்கால் தானா ஆடுது. கம்பியப் புடிச்சா விட முடியல. கூட இருக்கறவங்க என்னண்ணே, உடம்பு சரியில்லயான்னு கேக்கறாங்க.

— இருங்க இருங்க. மரம் அறுக்கறவருக்கு என்னங்க கூண்டு, கிணறு, மாடி?

— மேடம், குறுக்க பேசமாட்டேன்னீங்க.

— ஏங்க... இது நீங்களா?

— ம்.

— உங்களுக்கா பயம்? இத்தனை வருஷமா லிஃப்ட் மேல ஏறி நிக்கற ஆளு!

— குடி இல்லாம நின்னது இந்தக் கொஞ்ச நாளாத்தான். அதுவரைக்கும் நின்னது நான் இல்ல, அது.

— இது அவளுக்குத் தெரியுமா?

— தெரியும்.

— எப்பலேர்ந்து?

— ரெண்டாவது வியாழக்கிழமைலேர்ந்து.

— பாத்தீங்களா! பக்கத்துல படுத்து எந்திரிக்கறவ நான். நீங்க தூக்கத்துல புரண்டா எனக்கு முழிப்பு வரும். உங்களுக்குப் பயம்னு ஒண்ணு இருக்கறது அந்தக் குட்டை முடிக்காரிக்குத் தெரியுது, எனக்குத் தெரியல!

— முடி எப்படின்னு உனக்கெப்படித் தெரியும்?

— சும்மா சொன்னேன். குட்டை முடியா?

— நான் கவனிச்சதில்ல.

— பொய். கவனிச்சிருக்கீங்க. கண்ணாடி போட்டிருப்பாளா?

— இதோ பாரு. பயம்னு உன்கிட்ட சொன்னா நீ என்ன பண்ணுவ? அழுவ. வேலைய விட்டுடுங்கம்ப. ராத்திரி பூரா உக்காந்திருப்ப. அப்புறம் நான் என் பயத்தயும் பாத்துக்கணும், உன் பயத்தயும் பாத்துக்கணும். அந்தம்மா அழல. 'முழங்கால் ஆடும்போது என்ன பண்ணுவீங்க'ன்னு கேட்டாங்க. அவ்ளோதான். அத வெச்சே வாரா வாரம் தள்ளினேன்.

— அழாம இருக்கத்தானே அவளுக்குச் சம்பளம் குடுக்கறாங்க! நான் சும்மா அழறேன். என் அழுகைக்கு மதிப்பில்ல.

— மதிப்பில்லன்னு யாரு சொன்னா? நீ என்கிட்ட பேசினதே ஒரு வார்த்தைதான். தினம் வாசல்ல நின்னு 'ஊதுங்க' அப்படிம்ப. நான் உன் மூஞ்சியில ஊதணும். நாடி பாக்கற மாதிரி கண்ண மூடிக்கிட்டு மோந்து பாப்ப. சரியா இருந்தா சாப்பாடு. இல்லன்னா கதவு.

— அத நிறுத்திட்டேன்ல? கோர்ஸ்ல முத நாளே சொன்னாங்க, வீட்ல காவல்காரங்களா இருக்காதீங்கன்னு. அன்னிலேர்ந்து ஒரு தடவயாவது ஊதச் சொன்னேனா?

— சொல்லல. அதுக்கு பதிலா சட்டைய எடுத்துட்ட.

— எந்தச் சட்டைய?

— துவைக்கற கூடைக்குப் பக்கத்துல நின்னு மோந்து பாக்கறியே, அது. பாத்துட்டேன்.

— பாத்தா பாருங்க. ஆமா, மோந்து பாத்தேன். மத்த நாள் சட்டையெல்லாம் கிரீஸ் நாத்தம். வியாழக்கிழமைச் சட்டையில மட்டும் சென்ட் மணக்குது. நான் என்ன நெனைக்கறது? லிஃப்டுக்கு சென்ட் பிடிக்கும்னா?

— அது என் சென்ட். நான் வாங்கினது.

— யாருக்காக? சொல்லுங்க. நம்ம கல்யாணத்துக்கே பவுடர் போடாத மனுஷன் நீங்க. இப்ப சென்ட், தலை சீவல், வாயில புதினா. முன்னாடி விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடுவீங்க. இப்ப இருட்டி வர்றீங்க. கண்ணெல்லாம் சிவந்திருக்கு. அவகிட்ட உக்காந்து அழுதுட்டுத்தானே வர்றீங்க? வந்ததும் ஒரேயடியா பாத்திரம் கழுவித் தர்றீங்க, கால் வலிக்குதான்னு கேக்கறீங்க. குத்தமுள்ள நெஞ்சுன்னு எனக்குத் தெரியாதா?

— எல்லாத்தயும் கவனிச்சிருக்க.

— ஒண்ணு விடல. கவனிக்கறதுதான் இப்ப என் படிப்பே.

— நல்லாத்தான் கவனிச்ச.

— கிண்டலா? நெஞ்சு எரியுதுங்க எனக்கு. குடிச்சப்பக்கூட இப்படி எரியல. அப்ப எதிரி பாட்டில். அத எடுத்து உடைச்சேன், தொட்டியில கொட்டினேன். மனுஷிய என்ன பண்றது? அவ உங்களக் காப்பாத்தினான்னு ஊரே சொல்லுது, உங்க தங்கச்சி சொல்றா, நான் தலையாட்டணும். கையெடுத்துக் கும்பிடணும். கும்பிட வேண்டியவ மேல வயிறெரியறவள விடப் பாவி யாரு?

— நீ பாவி இல்ல. அழாத.

— அழத்தான் செய்வேன். உங்க மேடம் மாதிரி எனக்குப் பயிற்சி இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு நான் பாஸோ, ஃபெயிலோ. இனிமே நீங்க என்கிட்ட பேசணும். ஏன்னு கேக்கமாட்டேன். புத்தி சொல்லமாட்டேன். நீங்க பேசாம இருந்தா மூணு மூச்சு விட்டுட்டு நானும் சும்மா இருப்பேன். அத்தனையும் கத்துக்கறேன். ஆனா அடுத்த வியாழக்கிழமைலேர்ந்து அவகிட்ட போகக்கூடாது.

— போகல.

— என்ன, இவ்ளோ சுலபமாச் சொல்லிட்டீங்க?

— அந்தம்மா அங்க இருந்தாத்தானே போகறதுக்கு.

— என்னது?

— வேற ஊருக்கு மாத்திட்டாங்க. மழை ஆரம்பிச்சப்பவே போயிட்டாங்க.

— நிஜமாவா?

— நிஜமா.

— அப்பாடா! ஐயோ, வயித்துல பால வார்த்தீங்க! போயிட்டாளா! இத எதுக்குங்க இத்தனை நாள் மூடி வெச்சீங்க?

— இதுக்குத்தான். நீ இப்படிச் சிரிப்பன்னு தெரியும். உன்மேல கோவமில்ல. ஆனா அன்னிக்கு அதப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

— சிரிக்கல. சரி, சிரிச்சேன். மன்னிச்சுக்குங்க. அந்த ரூம்ல இப்ப யாரு?

— ஒரு தம்பி. போய் உக்காந்தேன். ஃபைலப் புரட்டிக்கிட்டே 'ஏன் சார் குடிக்க ஆரம்பிச்சீங்க'ன்னான். எனக்கு மறுபடியும் தரைத்தளத்துலேர்ந்து ஏறத் தோணல. ஒண்ணுமில்லப்பான்னு எழுந்து வந்துட்டேன்.

— நல்லாக் கேட்டான் பாருங்க. ஏன்னு கேக்கக்கூடாதுன்னு எனக்கே தெரியும். சரி விடுங்க. இனிமே நான் இருக்கேன்ல? பேசலாம், நிதானமாப் பேசலாம்... இருங்க. மழை ஆரம்பிச்சப்பவா?

— ம்.

— இப்ப வெயில் கொளுத்துது.

— ம்.

— நடுவுல ஒரு வியாழக்கிழமைகூட நீங்க சீக்கிரம் வரலயே. இன்னிக்குக்கூட அங்க போயிட்டுத்தான் வந்தேன்னீங்க.

— சொன்னேன்.

— சென்ட் வேற. இதோ, இங்க வரைக்கும் மணக்குது. அவ இல்லன்னா யாருக்கு இந்த அலங்காரம்? எங்க போறீங்க?

— மூணு மூச்சு விடு.

— மூச்சும் வேணாம், ஒண்ணும் வேணாம்! அப்ப இது வேற ஒருத்தி. யார் அவ? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க, யாரு?

— வாரா வாரம் சட்டையத்தானேம்மா மோந்து பாத்த. ஒரு தடவ, பழைய மாதிரி ஊதச் சொல்லி, வாய மோந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.